இருபத்தெட்டு சென்டிமீட்டர்

ஒரு மாணவியின் நோட்டில் ரப்பரால் அழித்த எண் ஒன்று ஏழு வருடமாக என் கண்ணைவிட்டுப் போகவில்லை. 28. அவள் பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். எவ்வளவு தேய்த்தும் தாளில் விழுந்த பள்ளம் மறையவில்லை. அந்தப் பள்ளத்தின் மேலேயே 23 என்று எழுதினாள். எழுதச் சொன்னவன் நான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, புகார் எதுவும் வரவில்லை, அந்தப் பெண்ணின் முகம்கூட மாறவில்லை. அதனால்தானோ என்னவோ, இது இன்னும் ஆறாமல் கிடக்கிறது.

அப்போது கொடைக்கானலுக்கு மேற்கே மேல்மலைக் கிராமம் ஒன்றில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். சொந்த ஊர் வத்தலக்குண்டுப் பக்கம், படித்தது விலங்கியல். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாடம் நடத்துவதை மலையேறிய பிறகுதான் பழகினேன். 2018 ஜனவரி. காலையில் பூண்டுக் காடுகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். முதல் பீரியடில் பிள்ளைகள் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் போய்க்கொண்டிருந்தது. நியூரான் படம் வரைந்து பாகம் குறிப்பதோடு விட்டால் அது செத்த பாடம். சரி, கையால் எதையாவது செய்ய வைப்போம் என்று ஸ்கேல் சோதனையை எடுத்தேன். பாடத்திட்டத்தில் அது இல்லை, நானாகச் சேர்த்தது. ஒன்றிய அளவில் அறிவியல் கண்காட்சி வந்துகொண்டிருந்தது என்பதும் ஒரு காரணம். அதை மறைப்பானேன்.

சோதனை பலருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் 30 சென்டிமீட்டர் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் பூஜ்யத்துக்கு நேராகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஸ்கேலில் படாமல் விரித்து வைத்திருப்பார். சொல்லாமல் விட வேண்டும், கண்டதும் பிடிக்க வேண்டும். விழுந்த தூரத்தை இரண்டால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் (g) வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் துலங்கல் நேரம், அதாவது கண்டதிலிருந்து கை பிடிக்க ஆகும் நேரம், வந்துவிடும். 10 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.14 வினாடி. 20 என்றால் 0.20. முழு ஸ்கேலும் நழுவிப்போனால் 0.25க்கு மேல். அரை ரூபாய் செலவில்லாமல் வினாடியில் நூறில் ஒரு பங்கை அளக்க முடிகிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு கிறுக்கு உண்டு. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “மலை மேல g கம்மி இல்ல சார்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. 9.8க்குப் பதில் 9.78 போட்டுப் பார்த்தோம். 20 சென்டிமீட்டருக்கு வந்த வித்தியாசம் வினாடியில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. பையனுக்கு ஏமாற்றம்.

முப்பத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து தடவை, அதன் சராசரி. பெரும்பாலோருக்கு 14இலிருந்து 23 வரை வந்தது. ஒரு பையனுக்கு மட்டும் 4, 3, 5, 4, 4. வகுப்பே கை தட்டியது, நானும் தட்டினேன். கண்காட்சிக்கான சார்ட்டை முந்தின நாள் இரவே கோடு போட்டு வைத்திருந்தேன். கிடை அச்சு 0இலிருந்து 25 வரை. அதற்கு மேல் யாருக்கும் வராது என்று நானே முடிவு செய்திருந்தேன், சோதனை செய்வதற்கு முன்பே.

“சார், எனக்கு இருபத்தெட்டு வருது.”

“மறுபடியும் செய்யும்மா. ஸ்கேலப் பாரு, விடுற கையப் பார்க்காத.”

மறுபடியும் செய்தாள். ஒரு தடவை ஸ்கேல் விரலுக்குள் நிற்காமல் தரைக்கே போய்விட்டது. மற்றவை அதே இடத்துக்குத்தான் வந்தன. பெல் அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. “சரி பாப்பா, இருபத்து மூணுன்னு போட்டுக்க. சார்ட்ல எடமில்ல” என்றேன். “சரிங்க சார்.” அவ்வளவுதான் நடந்தது.

பி.டி. சார் டீ குடிக்க வந்தபோது

சார்ட் நன்றாகவே வந்திருந்தது. நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்து, கோயில் மணியைக் கவிழ்த்தாற்போல. ஸ்டாஃப் ரூம் சுவரில் சாத்தி வைத்திருந்தேன். டீ டம்ளரோடு வந்த பி.டி. சார், எங்கள் உடற்கல்வி ஆசிரியர், அதன் எதிரே நின்றுவிட்டார். எங்கள் பள்ளியில் அறிவியல் சார்ட்டை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. இடது ஓரத்தில் தனியாக நின்ற கட்டத்தைக் காட்டி, “இது எத்தன செகண்ட் சார்?” என்றார். 4 சென்டிமீட்டர் என்றால் 0.09 என்றேன். டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப இது ஃபவுல் சார்.”

ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடித்து 0.100 வினாடிக்குள் காலை அழுத்திக் கிளம்பினால் அது தவறான தொடக்கம். பெரிய போட்டிகளில் கால் வைக்கும் கட்டையிலேயே உணர்கருவி இருக்கும். சத்தம் காதில் விழுந்து, மூளை கட்டளையிட்டு, கால் அசைய அந்த நேரமாவது வேண்டும், அதற்கு முன் கிளம்பியவன் சத்தத்தைக் கேட்டுக் கிளம்பவில்லை, ஊகித்துக் கிளம்பினான் என்பது கணக்கு. (2022இல் அமெரிக்காவின் யூஜீனில் நடந்த உலக தடகளப் போட்டியில், 110 மீட்டர் தடை ஓட்ட இறுதிச் சுற்றில் டெவன் ஆலன் 0.099இல் கிளம்பியதாகச் சொல்லி வெளியேற்றினார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு! அந்த எல்லை சரிதானா என்று பெரிய சண்டையே நடந்தது. அது வேறு கதை.) பி.டி. சார் சொன்னது காதுக்கான கணக்கு. கண்ணுக்கு இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். சத்தத்துக்கு 0.15 வினாடியை ஒட்டி வருகிற கை, வெளிச்சத்துக்கு 0.2ஐ ஒட்டித்தான் வரும். நான் கை தட்டிய பையன் கண்ணால் பார்த்து 0.09இல் பிடித்திருக்கிறான்!

விலங்கியல் பட்டம் வாங்கிய எனக்கு இது தோன்றவில்லை, விசில் ஊதுகிறவருக்குத் தோன்றியது. அதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

மறுநாள் நானே ஸ்கேலைப் பிடித்தேன். விரல் தெரியாதபடி ஒரு அட்டையை மறைப்பாகக் கட்டினேன். சில தடவை உடனே விட்டேன், சில தடவை பத்து எண்ணிவிட்டு விட்டேன். நடுநடுவே தோளை மட்டும் அசைத்துவிட்டு விடாமல் நின்றேன். முதல் பொய்த் தோளசைவிலேயே அந்தப் பையனின் விரல்கள் விழாத ஸ்கேலை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான். ஏமாற்றுகிற பையன் இல்லை அவன். தன் நண்பன் ஸ்கேலை விடும் முன் நகக்கண் வெளுப்பதை அவன் கண் தானாகவே படித்திருக்கிறது. ஒரு விதத்தில் அதுவும் கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் நாங்கள் அளக்க வந்தது அதை அல்ல. மறைப்பு கட்டிய பிறகு அவனுக்கு 19, 22, 18 என்று வந்தது. பாதி வகுப்புக்கு இதேபோல மூன்று நான்கு சென்டிமீட்டர் ஏறியது.

அந்தப் பெண் ஒரு பொய்யசைவுக்கும் விரலை மூடவில்லை. ஸ்கேல் விழுந்தால் மட்டும் மூடினாள். அவளுக்கு அன்று 24, 25, 24.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையைக் கேட்டவர்கள், உண்மையில் அவள்தான் வகுப்பிலேயே வேகமானவள் என்று நான் முடிக்கப்போவதாக எதிர்பார்க்கிறார்கள். இல்லை. அவள் அன்றும் வகுப்பின் மெதுவான ஓரத்தில்தான் இருந்தாள். ஆனால் அவள் சொன்ன எண் அவளுடையது. மற்றவர்களின் எண்ணில் ஸ்கேலை விட்டவரின் விரலும் கலந்திருந்தது. முதல் நாள் முப்பத்திரண்டு பேரில் நான் திருத்தியது ஒரே ஒரு ரீடிங்கை. அது கலப்பில்லாத ரீடிங்.

கண்காட்சிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. சார்ட்டை நான் மாற்றவில்லை. 4ஐயும் 23ஐயும் தாங்கிக்கொண்டே அது போனது. பார்வையிட வந்தவர்களில் ஒருவர் வளைவின் வடிவத்தைத் தனியாகப் பாராட்டினார். ஆறுதல் பரிசு ஒரு டிஃபன் பாக்ஸ்.

இமைக்கும் நேரத்துக்குள்

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன், கொஞ்சம் பிராயச்சித்தம் மாதிரி. முதலில் என் பாடமே தப்பு என்று தெரிந்தது. ஸ்கேல் பிடிப்பதை அனிச்சைச் செயலுக்கு உதாரணமாகச் சொல்லியிருந்தேன். பல ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்கிறோம். சூடான பாத்திரத்திலிருந்து கையை இழுப்பதுதான் அனிச்சை. அதற்குத் தண்டுவடமே உத்தரவு போட்டுவிடும், மூளைக்குத் தகவல் அப்புறம் போய்ச் சேரும். ஸ்கேல் அப்படியில்லை. விழித்திரையில் வெளிச்சம் வேதிமாற்றமாகி மின்துடிப்பாக மாறுவதே மெதுவான வேலை. காது நம் கண்ணை முந்துவது அதனால்தான். பிறகு அது தலையின் பின்பக்கம் போய்ச் சேரவே 50 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். மூளையின் கட்டளை கழுத்து வழியாக இறங்கிக் கைத் தசைக்கு வர சுமார் 20 மில்லி வினாடி. மிச்சமெல்லாம் நடுவில், ‘விழுகிறதா, ஆமாம், பிடி’ என்று மண்டைக்குள் நடக்கும் பஞ்சாயத்துக்குப் போகிறது. நரம்பு மின்னல்போல ஓடுகிறது என்று வகுப்பில் அளந்துவிடுவேன். 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் தவளையின் காலில் அளந்தபோது கிடைத்தது வினாடிக்கு 27 மீட்டர் அளவுதான். நம் கொடைக்கானல் பஸ், சமவெளியில் இறங்கியதும் அதில் முக்கால் வேகமாவது போகும். நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று நம்பியவர்களில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் சொந்த வாத்தியார் யோகன்னஸ் முல்லரும் ஒருவர். வாத்தியார்கள் அச்சை முன்கூட்டியே வரைந்துவிடுவது புதிதல்ல போலிருக்கிறது.

அப்புறம் குளிர். நரம்பு குளிர்ந்தால் அதன் வேகம் குறையும், ஒரு டிகிரிக்கு வினாடிக்குச் சுமார் 2 மீட்டர் வீதம். தசை சுருங்குவதும் மந்தமாகும். அடுத்த குளிர்காலத்தில் வேறொரு வகுப்போடு, குழாய்த் தண்ணீரில் இரண்டு நிமிடம் கையை நனைத்துவிட்டுச் செய்து பார்த்தோம். எல்லாருக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடியது. முந்தின வருடம் முதல் நாள் சோதனை முதல் பீரியடில் நடந்தது. மறைப்பு கட்டிச் செய்தது மத்தியானம், வெயில் வந்த பிறகு. பிள்ளைகளின் கையைப் பற்றி எல்லாம் எழுதச் சொன்ன நான், கை எவ்வளவு சில்லென்று இருந்தது என்று ஒரு கட்டம் போடவில்லை.

சென்டிமீட்டரில் எழுதியதே ஒரு பிசகு. 20க்கும் 28க்கும் இடையில் விரலளவு இடைவெளி கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. நேரமாக மாற்றினால் 0.202, 0.239. வித்தியாசம் 37 மில்லி வினாடி. தமிழய்யாவிடம் இதைச் சொன்னபோது, தொல்காப்பியம் மாத்திரைக்குச் சொல்லும் அளவு கண்ணிமையும் கைநொடியும்தானே, அதற்குள் அடங்குமா என்று கேட்டார். இமை மூடித் திறக்க 100 மில்லி வினாடிக்குக் குறையாது. அவளுக்கும் வகுப்புக்கும் இருந்த தூரம் அரைமாத்திரைகூட இல்லை, ஒற்றெழுத்துக்கும் காணாது என்று சிரித்தார் அவர்.

நான் இப்போதெல்லாம் ஸ்கேலுக்கு முன்னால் கைச்சங்கிலி வைக்கிறேன். எல்லாரும் வட்டமாகக் கைகோத்து, கண்ணை மூடி, இடது கை அழுத்தப்பட்டதும் வலது கையால் அடுத்தவரை அழுத்த வேண்டும். சுற்றி வந்த நேரத்தைத் தலை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பனிமூட்டத்தில் மைதானத்தில் முப்பத்தாறு பேர் நின்று செய்ததில் முதல் சுற்று 11 வினாடிக்கு மேல் ஆனது, மூன்றாவது சுற்று 8.6. ஸ்டாப் வாட்சை அழுத்தும் என் விரலின் தாமதமும் முப்பத்தாறு பேருக்குப் பங்காகிக் கரைந்துவிடுகிறது. யார் மெதுவானவர் என்று தெரியாது. கையும் சூடாகிவிடும்.

கிரீன்விச்சில் வேலை போனவர்

அந்த வருடம் பிப்ரவரியில் பிள்ளைகளைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். 1899இல் ஏற்பட்டது. எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டது இங்கேதான். சென்னையில் 1792இல் கட்டிய வானாய்வகத்தின் வாரிசு இது, அங்கிருந்து மலையேறி வந்த சாமான்களில் ஜான் ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரமும் ஒன்று. வானியல்காரர்களுக்கு அப்படி ஒரு கடிகாரம் எதற்கு என்று தேடப்போய்த்தான் டேவிட் கின்னப்ரூக் கிடைத்தார்.

லண்டனுக்கு அருகே கிரீன்விச் ஆய்வகத்தில் உதவியாளர் அவர். ஒரு நட்சத்திரம் தொலைநோக்கியின் மெல்லிய கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பது வேலை. காது கடிகாரத்தின் டிக் டிக்கை எண்ண வேண்டும், கண் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு டிக்குக்கு நடுவில் எந்த இடத்தில் கம்பியைக் கடந்தது என்று வினாடியில் பத்தில் ஒரு பங்குவரை மனசுக்குள்ளேயே பிரித்துச் சொல்ல வேண்டும். 1795 ஆகஸ்டில் அவர் எண்கள் தலைமை வானியலாளர் மாஸ்கலினின் எண்களைவிட அரை வினாடி பிந்தி வந்தன. எச்சரித்தார்கள். 1796 ஜனவரியில் அது 0.8 வினாடி ஆனது. வேலை போயிற்று. மாஸ்கலினைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. 0.8 வினாடியில் பூமத்திய ரேகையில் உள்ள ஓர் இடம் சுமார் 370 மீட்டர் நகர்ந்துவிடும், கப்பல்கள் அந்த எண்களை நம்பித்தான் போயின. ஆனால் பிந்துவது யார், முந்துவது யார் என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. தன் கண்ணே கம்பி, தன் காதே கடிகாரம்.

கால் நூற்றாண்டு கழித்து இந்தக் குறிப்பைப் படித்த பெஸ்ஸல் என்ற ஜெர்மானிய வானியலாளர், தன் எண்களையும் பேர்பெற்ற மற்ற வானியலாளர்களின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒருவரோடும் ஒருவர் ஒத்துப்போகவில்லை. சிலரோடு அவருக்கே ஒரு வினாடி அளவு வேறுபாடு. அதற்கப்புறம் ஒவ்வொரு கண்காணிப்பாளருக்கும் அவரவர் திருத்தத்தைக் கணக்கிட்டுச் சேர்ப்பது வழக்கமாயிற்று. பெஸ்ஸல் வேலை பார்த்த கோனிக்ஸ்பெர்க் ஊரிலிருந்துதான் ஹெல்ம்ஹோல்ட்ஸும் பிறகு நரம்பை அளந்தார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் நாடகமாக இருக்கும். தூங்கினேன். மறுநாள் அவள் நோட்டைத் தேடினேன். ஆண்டு இறுதியில் எடைக்குப் போகும் கட்டில் அது சேர்ந்துவிட்டிருந்தது.

பஸ் நிலையத்தில்

போன டிசம்பரில் கொடைக்கானல் பஸ் நிலையத்தில், “சார்!” என்று ஒரு குரல். நர்சிங் முடித்து மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். லீவில் ஊருக்குப் போகிறாள், மன்னவனூர் பஸ்ஸுக்கு நிற்கிறாள். இரண்டு கையிலும் பை. நலம் விசாரித்து முடித்ததும் என்னால் இருக்க முடியவில்லை. அந்த ஸ்கேல், அந்த ரீடிங், நான் அழிக்கச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். பி.டி. சார், கின்னப்ரூக்வரை போய்விட்டேன் என்று நினைக்கிறேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். “அன்னிக்கு விடியக்காலம் காரட் கழுவிட்டு வந்தேன் சார். கை வெறச்சுப் போயிருந்துச்சு. ஸ்கேல் பட்டதே தெரியல” என்றாள். அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீங்க கேக்கலயே சார்.”

“இருந்தாலும் இருபத்தெட்ட அழிக்கச் சொன்னது தப்புதாம்மா.”

“இருபத்தெட்டா?” என்று சிரித்தாள். “இருபத்தாறு சார். எங்க வீட்டுக் கதவு நம்பர். அழிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, அதான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.”

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிய பிறகு செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 26க்கு 0.230 வினாடி. 28க்கு 0.239.